வணிக மேலாண்மைக் கல்வியும் வாய்திறக்கும் உரிமையும்

தோற்றுவாய்

எம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நாளில், நம் பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியாளராகவும் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் உயர்ந்துள்ளமையை எண்ணி மகிழ்கின்றோம். ஆயினும் ஒரு துறை பற்றி நம் இல்லங்களில் இன்னும் மிகுதியாகப் பேசப்படுவதில்லை. அதுவே பட்டப்படிப்பிற்குப் பின்னர்ப் பயிலும் வணிக மேலாண்மைக் கல்வி. எம்.பி.ஏ. என்னும் மூன்றெழுத்தினை நம் இளைஞர் அறிவர். அக்கல்வி எங்ஙனம் பிறந்தது, எம்முறையிற் கற்பிக்கப்படுகின்றது, அம்முறை நம் பிள்ளைகளிடம் எதனை எதிர்பார்க்கின்றது என்பனவற்றை அறிந்தோர் சிலரே. இவற்றை வரலாற்று நோக்கில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வணிகக் கல்விக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர், அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நினைவு கூர்தல் வேண்டும். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்ற அவர், 1917-இல் பரோடா அரசுப் பணியை விட்டுப் பம்பாய்க்குத் திரும்பியபின், பங்குகள் பற்றி வணிகர்க்கு ஆலோசனை கூறும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆலோசனை கூறுபவர் தீண்டப்படாதார் எனக் கருதப்பட்ட குலத்தவர் என்று தெரிந்தவுடன் வாடிக்கையாளர் வருவதை நிறுத்திக்கொண்டனர், நிறுவனம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, 1918-இல், பம்பாயின் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பொருளியற் பேராசிரியராக அமர்ந்தார். அங்கும் ஆசிரியர்க்குரிய தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதைச் சக ஆசிரியர் சிலர் எதிர்த்தனர். எனினும் மாணவர் அவர் வகுப்பைத் தேடி வந்தனர். வணிகக் கல்லூரியின் வகுப்பறையில் நம் குரல் ஒலிக்கத் தொடங்கி நூறாண்டிற்கு மேலாகிவிட்டது என்பது இதனாற் பெறப்படும். கற்ற கல்வி மட்டும் போதாது, அதனைக் கேட்பதற்கு எதிரில் இருப்போரும் இசைதல் வேண்டும் என்பதும் இதனாலேயே பெறப்படும். இவ்விரண்டாவது உண்மை இக்கட்டுரையின் இறுதிவரை நம்முடன் வரும்.

பிறப்பும் வளர்ச்சியும்

பழங்காலத்தில் வணிகம் என்பது குடும்பத்திற் கற்கும் தொழில். தந்தையின் கடையில் மகன் அமர்ந்து, கணக்கெழுதி, வருவோர் முகம் பார்த்து விலை சொல்லக் கற்பான். நம் மதுரையிலேயே 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய மோட்டார்த் தொழிலும், கருமுத்து தியாகராசர் வளர்த்த மீனாட்சி ஆலையும் அவ்வாறே தந்தையிடமிருந்து மக்களுக்குக் கைமாறி வளர்ந்தன. கடையில்லாத் தந்தைக்குப் பிறந்தவன் கடை நடத்தும் கலையை எங்ஙனம் கற்பான்? இவ்வினாவிற்கு விடையாக வந்ததே வணிகக் கல்லூரி எனலாம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து வார்ட்டன் பள்ளி 1881-இல் தோன்றியது. அவ்வாண்டிலேதான் நம் மதுரைக்கு அணித்தேயுள்ள பசுமலையில், பின்னர் அமெரிக்கன் கல்லூரி எனப் பெயர் பெற்ற கல்லூரியும் தொடங்கிற்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1908-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகம் பட்டம் பெற்றோர்க்கென வணிகப் பள்ளி ஒன்றை நிறுவிற்று. எம்.பி.ஏ. என்னும் பட்டம் அங்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது.

பள்ளி தோன்றிற்று; பாட நூல் இல்லை. வணிகத்தை நூலில் எழுதி மனப்பாடம் செய்வித்தல் இயலுமா என்ற ஐயம் எழுந்தது. அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் லாங்டெல் என்பார் 1870 முதற்கொண்டு ஒரு புதுமுறையைக் கையாண்டு வந்தார். சட்டவிதிகளை ஆசிரியர் ஒப்பிக்க மாணவர் எழுதிக்கொள்ளும் முறையை மாற்றி, நடந்த வழக்குகளின் தீர்ப்புகளை மாணவர் கையிற் கொடுத்து, அவற்றினின்று விதியை அவர்களே கண்டறியுமாறு வினாத் தொடுப்பார். 1919-இல் வணிகப் பள்ளியின் தலைவரான வாலஸ் டோனம் சட்டம் பயின்றவர். அவர் அம்முறையை வணிகத்திற்கும் உரியதாக்கினார். அவருடைய தூண்டுதலால் கோப்லண்டு என்னும் பேராசிரியர், தாம் எழுதவிருந்த பாட நூலை நிறுத்திவைத்து, மெய்யான வணிக நிறுவனங்கள் எதிர்கொண்ட சிக்கல்களைத் தொகுத்து 1920-இல் வெளியிட்டார். இதுவே 'கேஸ் மெத்தட்' என இன்று உலகெங்கும் வழங்கும் நிகழ்வாய்வு முறையின் தொடக்கமாகும்.

கற்பிக்கும் முறை

இம்முறை எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதை நம் மாணவரும் பெற்றோரும் தெளிய அறிதல் நன்று. ஒரு நிறுவனத்தின் உண்மைக் கதை பத்து அல்லது இருபது பக்கங்களில் எழுதப்பட்டிருக்கும். அதன் வரவு செலவு, தொழிலாளர் எண்ணிக்கை, போட்டியாளர், மேலாளரின் மனக்குழப்பம் எல்லாம் அதில் உண்டு. ஆயின் முடிவு இராது. 'அம்மேலாளர் நிலையில் நீ இருப்பின் யாது செய்வாய்?' என்ற வினாவோடு கதை நின்றுவிடும். மாணவர் முதல்நாள் இரவு அதனைப் படித்துக் கணக்கிட்டு, சிறு குழுவாக அமர்ந்து பேசி, மறுநாள் வகுப்பிற்கு வருவர். ஆசிரியர் முன்னறிவிப்பின்றி ஒருவரைச் சுட்டித் தொடங்கச் சொல்வார். அவர் கூறியதை மற்றொருவர் மறுப்பார். மூன்றாமவர் இருவரையும் மறுப்பார். ஆசிரியர் விடை கூறார், வினாவே தொடுப்பார். பாடத்திற்குரிய மதிப்பெண்ணில் பெரும் பங்கு இப்பேச்சிற்கே உரியது.

பட்டிமன்றத்திற்குப் பெயர் பெற்ற மதுரை மக்களுக்கு இம்முறை புதிதன்று எனச் சிலர் கூறலாம். ஒப்புமை உண்டு, வேறுபாடும் உண்டு. பட்டிமன்றத்தில் ஒருவர் எடுத்துக்கொண்ட அணியை இறுதிவரை விடுவதில்லை. நிகழ்வாய்வு வகுப்பில் பிறர் கூற்றுச் சரியெனப்படின் தம் கருத்தை மாற்றிக்கொள்வதே சிறந்த மாணவர்க்கு அழகு. பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்பு வழங்குவார். இங்கோ பலவேளைகளில் தீர்ப்பே இராது. தெளிவற்ற நிலையிலும் கையிலுள்ள செய்திகளைக் கொண்டு முடிவெடுத்து, அம்முடிவிற்குப் பொறுப்பேற்கும் மனப்பயிற்சியே இக்கல்வியின் உயிர்நிலை.

இந்திய மண்ணில்

நம் நாட்டில் 1953-இல் கல்கத்தாவில் சமூகநல, வணிக மேலாண்மை நிறுவனம் தோன்றியது. 1961-இல் நடுவணரசு கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்களை நிறுவிற்று. கல்கத்தா நிறுவனம் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யோடும், விக்ரம் சாராபாயின் முயற்சியால் உருவான அகமதாபாத் நிறுவனம் ஆர்வர்டோடும் கூட்டுறவு கொண்டன. எனவே நிகழ்வாய்வு முறை அகமதாபாத் வழியாகவே இந்நாட்டில் வேரூன்றியது. ஐம்பதாண்டுகள் கழித்து, 2011-இல், திருச்சிராப்பள்ளியிலும் அத்தகைய நடுவண் கழகம் ஒன்று தொடங்கிற்று.

மதுரையும் பின்தங்கிவிடவில்லை. தியாகராசர் கலைக் கல்லூரியையும் பொறியியற் கல்லூரியையும் நிறுவிய கருமுத்து தியாகராசர், 1962-இலேயே மேலாண்மைக் கல்விக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அது திருப்பரங்குன்றத்தையடுத்துத் தியாகராசர் மேலாண்மைப் பள்ளியாக விளங்குகின்றது. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றி, 1978-இல் காமராசர் பெயரைப் பெற்றது. பின்னர்த் தனியார் கல்லூரிகள் பலவும் எம்.பி.ஏ. வகுப்புகளைத் தொடங்கவே, மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பேருந்தேறி வரும் மாணவர்க்கும் இக்கல்வி எட்டும் தொலைவிற்கு வந்தது.

மதுரை ஒரு பாடமான வரலாறும் உண்டு. அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு ஏழைகட்கு இலவசமாகக் கண்புரை அறுவை செய்யும் அதன் அமைப்பினை ஆராய்ந்து, ஆர்வர்டுப் பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993-இல் ஒரு நிகழ்வாய்வினை எழுதினார். அது உலகின் பல மேலாண்மைப் பள்ளிகளிற் பாடமாயிற்று. பாஸ்டன் நகரத்து மாணவர் மதுரையைப் படிக்கின்றனர். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அறுவைகளைச் செய்ய அம்மருத்துவமனைக்கு உறுதுணையாக நின்றவர், சிற்றூர்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்றப்பட்ட இளம் பெண்களே என்பதும் அப்பாடத்தின் ஒரு பகுதி. எளியோர் உழைப்பும் அறிவும் மேலாண்மைக் கல்விக்கு வெளியே இருப்பனவல்ல என்பதற்கு நம் ஊரே சான்றாகின்றது.

நுழைதலும் பேசுதலும்

1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள், வைத்தியநாத அய்யர் தலைமையில் நம் மக்கள் சிலர் மீனாட்சி அம்மன் கோயிலுள் நுழைந்தனர். அவருள் மேலூர் தும்பைப்பட்டி தந்த கக்கனும் ஒருவர். அந்நுழைவு வரலாறு. ஆயினும் நுழைவது ஒன்று, உள்ளே நின்று ஒப்புரிமையோடு பேசுவது மற்றொன்று என்பதைக் கக்கனின் தலைமுறை நன்கறியும்.

கல்விக் கூடத்திற்கும் இது பொருந்தும். 1944-இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டமும், தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காட்டு ஒதுக்கீடும், 2009-இல் அதனுள் அருந்ததியர்க்கு வழங்கப்பெற்ற 3 விழுக்காடும், நடுவண் கல்வி நிறுவனங்கட்குரிய 2006-ஆம் ஆண்டுச் சட்டமும் வாயிலைத் திறந்தன. இவை போராடிப் பெற்ற உரிமைகள், காக்கப்பட வேண்டியவை. ஆயின் பேச்சிற்கு மதிப்பெண் வழங்கும் வகுப்பறையில், பேசாதிருக்கப் பழக்கப்பட்ட பிள்ளை என் செய்யும்?

எம் சங்கத்தின் உதவியோடு முதுநிலை மேலாண்மை பயிலச் சென்ற மாணவர் ஒருவரின் செய்தியை ஈண்டுக் கூறுதல் தகும். எழுத்துத் தேர்வில் முதல் ஐவருள் ஒருவர். வகுப்பில் அரையாண்டு வாய் திறவாதவர். ஒருநாள் உர நிறுவனம் ஒன்றின் நிகழ்வாய்வு. உழவர்கட்குக் கடனாகக் கொடுத்த உரத்தின் விலை மார்கழிக்குள் வசூலாகவில்லை. விற்பனையாளரை நீக்குவதா என்பது வினா. நீக்க வேண்டும் என்றார் ஒருவர். வட்டியைக் கூட்ட வேண்டும் என்றார் மற்றொருவர். நம் மாணவரின் தாய் மேலூர்ப் பக்கத்து வயல்களில் நாற்று நடுபவர். பெரியாற்றுத் தண்ணீர் அவ்வொருபோக நிலங்கட்கு ஆவணி, புரட்டாசியில்தான் வரும் என்பதும், அறுவடை தையிலும் மாசியிலும் ஆதலின் மார்கழியில் எந்த உழவர் கையிலும் காசு இராது என்பதும் அவர் பிறந்தது முதல் அறிந்த செய்தி. பிழை விற்பனையாளரிடமில்லை, தவணை நாளில் உள்ளது. அவர் அதனைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார், கூறவில்லை. ஆங்கிலம் பிழைபடுமோ என்ற அச்சம் ஒன்று. 'இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?' என்று எவரேனும் கேட்பின் தாயின் தொழிலைச் சொல்ல நேருமே என்ற தயக்கம் மற்றொன்று. வகுப்பு, விற்பனையாளரை நீக்கும் முடிவோடு கலைந்தது.

இதனால் இழப்பு எவர்க்கு? மாணவர்க்கு மதிப்பெண் இழப்பு. வகுப்பிற்கோ அறிவிழப்பு. நிகழ்வாய்வு முறையின் ஆற்றல், பலவகை வாழ்வினர் ஓரிடத்தில் அமர்ந்து தாமறிந்ததைக் கூறுவதில் இருக்கின்றது. ஒருவகையினர் மட்டும் பேசுவாராயின் அம்முறை தன் பயனை இழக்கின்றது. அம்முறை பிறந்த ஆர்வர்டிலேயே 1963 வரை ஈராண்டு வகுப்பிற் பெண்கட்கு இடமில்லாதிருந்தது. எனவே அமைதியாக அமர்ந்திருக்கும் மாணவரைக் குறை கூறுவதோடு ஆசிரியர் கடமை முடிவதில்லை. எவர் பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று வினவுதலும் அவர் தொழிலே. எம் மாணவர் பின்னர் ஓராசிரியரின் ஊக்கத்தாற் பேசக் கற்றார் என்பதையும், இன்று ஒரு நிறுவனத்தில் கிராமப்புற விற்பனைப் பிரிவை நடத்துகின்றார் என்பதையும் மகிழ்வோடு தெரிவிக்கின்றோம்.

ஜவாஜா தந்த பாடம்

மேலாண்மைக் கல்வி நம் மக்களை நாடி வந்த வரலாறு ஒன்றும் உண்டு. அகமதாபாத் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய், 1972-இல் அப்பதவியைத் தாமே துறந்து, சாதாரணப் பேராசிரியராக அங்கேயே பணியாற்றினார். பெரு நிறுவனங்கட்குப் பயன்பட்ட மேலாண்மை அறிவு வறியோர்க்கும் பயன்படுமா என்ற வினாவோடு, 1975-இல் இராசத்தானத்தின் ஜவாஜா என்னும் வறண்ட பகுதிக்குத் தம் குழுவினருடன் சென்றார். தேசிய வடிவமைப்பு நிறுவனமும் துணை நின்றது. அங்கே அவர் உடன் பணியாற்றியவருள், தோல் தொழில் செய்யும் ராய்கர் வகுப்பினரும் நெசவாளரும் முதன்மையானவர். ராய்கர் நம்மைப் போன்றே தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானோர்.

அக்குழு அவர்கட்குத் தானமாகப் பொருள் வழங்கவில்லை. மூலப்பொருள் வாங்குதல், விலை கணித்தல், நகரத்தார் விரும்பும் வடிவில் பை முதலியன செய்தல், தாமே சென்று விற்றல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அவர்களே செய்யக் கற்பித்தது. இடைத்தரகரையும் கடன் கொடுத்தோரையும் நம்பி வாழ்ந்தவர் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். கற்பித்தோரும் கற்றனர் என்பதே மத்தாயின் கொள்கை. கணக்கு இடித்தவிடத்து எத்தனையோ தோல்விகளும் நேர்ந்தன. எனினும் எழுத்தறியாத் தோல் தொழிலாளி மேலாண்மை கற்றல் இயலும் என்பதை அம்முயற்சி நிலைநாட்டிற்று.

அவ்வழி மதுரைக்கும் வந்தது. அகமதாபாத்திற் பயின்ற எம்.பி. வாசிமலை முதலியோர் 1997-இல் மதுரையில் தான் அறக்கட்டளையை நிறுவினர். அதன் தொடர்பில் தோன்றிய டாடா-தான் அகாடமி, ஈராண்டு வளர்ச்சி மேலாண்மைப் படிப்பினை நடத்தியது. அங்கு வகுப்பறைப் பாடமும் சிற்றூரில் தங்கிக் கற்றலும் மாறி மாறி வருமாறு கல்வி அமைக்கப்பட்டது. ஏட்டில் எழுதிய நிகழ்வினின்று சற்று மேலே சென்று, நிகழ்வு நடக்கும் இடத்திற்கே மாணவரை அனுப்பும் முறை இது.

நாம் செய்யத்தக்கன

இவ்வரலாற்றினின்று நம் சமுதாயம் மேற்கொள்ளத்தக்கனவாக மூன்றினை விண்ணப்பித்துக் கொள்கின்றோம்.

முதலாவது, பேச்சுப் பயிற்சி. நம் மாலை வகுப்புகளில் எட்டாம் வகுப்பு முதற்கொண்டே கிழமைக்கு ஒருநாள், ஒரு சிக்கலை முன்வைத்து ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து கருத்துரைக்குமாறு செய்தல் வேண்டும். முதலில் தமிழில், பின்னர் ஆங்கிலத்தில். பிழைக்கு நகைத்தல் கூடாது என்பது ஒன்றே விதி.

இரண்டாவது, நம் நிகழ்வாய்வுகளை நாமே எழுதுதல். செருப்புக் கடை, பறைக்குழு, செங்கற் சூளை, மூங்கில் கூடைத் தொழில், மகளிர் குழுவின் சிற்றுண்டிக் கடை ஆகியவற்றை நடத்தும் நம்மவர் எங்ஙனம் முதல் திரட்டினர், எவ்விடத்தில் ஏமாற்றப்பட்டனர், சாதி அறிந்தபின் வாடிக்கையாளர் விலகியபோது என் செய்தனர் என்பன எந்நூலிலும் இல்லை. அண்ணலின் 1917-ஆம் ஆண்டு நிறுவனம் போன்று மூடப்பட்ட கடைகளின் கதைகளும் எழுதப்பட வேண்டும். நம் மேலாண்மை மாணவர் விடுமுறையில் இப்பணியை மேற்கொள்ளலாம்.

மூன்றாவது, கற்ற கல்வியைத் தொழிலாக்குதல். 1974-இல் தமிழக அரசு நிறுவிய தாட்கோ, 2005-இல் தோன்றிய தலித் இந்திய வணிகத் தொழிற் கூட்டமைப்பு, ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் சிறு நிறுவனங்களிடமிருந்து 4 விழுக்காடு கொள்முதல் செய்ய வேண்டுமென்ற நடுவணரசின் 2012-ஆம் ஆண்டு ஆணை, தமிழக அரசு 2023-இல் அண்ணலின் பெயரால் அறிவித்த தொழில் முன்னோடிகள் திட்டம் ஆகியன நம் இளைஞர் அறிய வேண்டியவை. திட்ட அறிக்கை எழுதத் தெரியாமையால் வங்கி வாயிலிலிருந்து திரும்புவோர் நம்முள் பலர். ஒரு மேலாண்மைப் பட்டதாரி ஓர் ஊரில் இருப்பின் அவ்வூரார் பத்துப் பேருக்கு அவ்வறிக்கையை எழுதித் தரலாமன்றோ?

முடிவுரை

மேலாண்மைக் கல்வி பெருஞ்சம்பளத்திற்கு வழி என்று மட்டும் எண்ணுதல் குறைபாடு. பிறர் எடுத்த முடிவுகட்குக் கட்டுப்பட்டு நூற்றாண்டுகள் வாழ்ந்த மக்கள், தாமே முடிவெடுக்கவும் அதற்குக் காரணம் கூறவும் பழகும் இடமாக அவ்வகுப்பறை அமையக்கூடும். அவ்விடத்தில் நம் பிள்ளை எழுந்து, தன் தாய் நாற்று நடும் வயலைப் பற்றித் தலைநிமிர்ந்து கூறும் நாளே எம் சங்கம் எதிர்நோக்கும் நாள். அந்நாள் விரைந்து வருக.